பச்சை இறங்கும் நேரம்

...கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசந்துவிடும், அதனால் அடுப்பை அணைத்துவிட்டு ஆவியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், முதலில் அது அவசர அவசரமாக எழும், எங்கேயோ போக நேரமாகிவிட்டது போல, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சோம்பல் முறித்து, ஜன்னல் வெளிச்சத்தில் கையைக் காலை நீட்டி, போகவா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கும், அப்போது ஊற்றினால் சரியாக இருக்கும், இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எத்தனையோ டம்ளர் கசப்பைக் குடித்துத்தான் தெரிந்துகொண்டேன், கசந்துபோனதைக் கீழே கொட்ட மனசு வராது, அக்கா கொண்டுவந்த பொடியாயிற்றே. அவள் வேலை பார்க்கும் காபிக் கடையில் மூடி நசுங்கிப்போன ஒரு மாட்சா டப்பா, பச்சைத் தேயிலையை அரைத்த ஜப்பான் பொடி, விற்க முடியாது, வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போ என்று முதலாளியம்மா கொடுத்துவிட்டாராம். திறந்தபோது அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, புல்ல அரைச்சு வெச்சிருக்கு, தெருவுல எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க, மாடு பின்னாலயே வந்துடும்" என்றாள். எனக்கு அந்த நிறம் பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்தால் இமைக்குள் முதலில் சிவப்பு வரும், பிறகு உள்ளே எங்கேயோ ஒரு பச்சை மிதக்கும், அந்தப் பச்சை, அதை ஒரு டப்பாவில் அடைத்து வைக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இன்று அந்த முதலாளியம்மா வருகிறார். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கடையைச் சாத்திவிட்டு, அக்காவோடு. அம்மா தைத்து வைத்திருக்கும் ஏப்ரன்களை வாங்கிக்கொண்டு போக என்று பெயர், உண்மையில் நான் போடுகிற இதைக் குடித்துப் பார்க்கத்தான், அக்கா அங்கே எல்லாரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டாள், என் தங்கச்சி ஒண்ணு போடுவா பாருங்க, கேரமல் புட்டிங்க டம்ளர்ல கரைச்ச மாதிரி, மேல மட்டும் பச்சையா ஒரு மேகம் நிக்கும், குடிக்கவே மனசு வராது என்று. அந்தக் கடையின் பின்பக்கத்தில் ஓர் அறை இருக்கிறதாம், பானங்கள் போடுகிற அறை, அங்கே வேலை பார்த்தவள் வேறு ஊருக்குப் போகிறாள், அந்த இடம் காலி. சுவரில் ஒரு சின்னத் திறப்பு, டம்ளரை அதில் தள்ளினால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளுமாம், யார் முகமும் தெரியாது, கை மட்டும்தான்... அக்கா இதைச் சொன்ன நாளிலிருந்து அந்தத் திறப்பு என் கனவில் வருகிறது, நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறேன், கைகள் வருகின்றன, மோதிரம் போட்ட கை, மாவு ஒட்டிய கை, நகம் கடித்த கை, எல்லாம் என்னைத் தெரிந்த கைகள் போல. எனக்கு அது வேண்டும். எதையாவது வேண்டும் என்று நினைத்தே ரொம்ப நாளாயிற்று. ஆனால் அந்த அறைக்குள் போக வேண்டுமென்றால் ஒருவர் முன்னால் ஒரு தடவையாவது நின்றாக வேண்டுமே. அக்கா காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "பூனை, இங்க பாரு. நீ ஒரு வார்த்தை பேச வேணாம். பேசறதெல்லாம் நான் பாத்துக்கறேன், எனக்கு வாய்க்கா பஞ்சம்? நீ அங்க நிக்கணும், அவ்வளவுதான். தயவு செஞ்சு குளிக்கப் போயிடாத. இந்த வாட்டியும் போனேன்னா, சத்தியமா சொல்றேன், இனிமே எங்கயும் உனக்காகக் கேக்க மாட்டேன்." நான் தலையாட்டினேன். என் தலைதான் எதற்கு வேண்டுமானாலும் ஆடுமே.

குளிப்பது என்றால் எங்கள் வீட்டில் குளிப்பது இல்லை. யாராவது மணி அடித்தால், படியில் பழக்கமில்லாத செருப்புச் சத்தம் கேட்டால் போதும், என் கால்கள் என்னைக் கேட்காமலேயே குளியலறைக்குப் போய்விடும், தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்து, பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன், வந்தவர்களிடம் அம்மா "சின்னவ குளிக்கிறா" என்பாள். காலையில் வந்தாலும் குளிக்கிறா, சாயங்காலம் வந்தாலும் குளிக்கிறா. சட்டை தைக்கக் கொடுக்க வருகிற மாடி வீட்டு நர்ஸம்மா ஒரு தடவை, "இப்பிடிக் குளிச்சா தோலு என்னத்துக்கு ஆகும், ஒருநாள் கரைஞ்சே போயிடப் போறா" என்றாராம், அக்கா அதை நடித்துக் காட்டிச் சிரித்தாள், நானும் சிரித்தேன், ஆனால் கரைவது... சர்க்கரை கரைகிற மாதிரி, சத்தமில்லாமல், இனிப்பாக, அது ஒன்றும் அவ்வளவு மோசமாக இருக்காது என்றுதான் தோன்றியது. உள்ளே உட்கார்ந்தால் தண்ணீர் விழுகிற சத்தத்தில் வெளியே பேசுவது எதுவும் கேட்காது, கேட்காததால் எல்லாம் நானே பேசிக்கொள்வேன், ஏன் பள்ளிக்கூடம் போறதில்ல, வாயே திறக்க மாட்டாளாமே, இப்பிடியே வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, இதற்கு அம்மா என்ன சொல்வாள், எப்படி முகத்தை வைத்துக்கொள்வாள், நூலை ஊசியில் கோர்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேச்சை மாற்றுவாளா... இரண்டு பக்கமும் நானே, எல்லாக் குரலிலும் நானே. வெளியே ஒரு எழுத்துகூட வராத எனக்கு உள்ளே எத்தனை குரல்கள்.

வகுப்பில் அன்றைக்கும் ஓர் எழுத்துதான். எழுந்து நின்று படி என்றார்கள், புத்தகம் கையில் இருந்தது, எல்லாம் தெரிந்த வார்த்தைகள், முதல் வார்த்தையின் முதல் எழுத்து உதடு வரை வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மின்விசிறி சுற்றியது. யாரோ பெஞ்சில் விரலால் தாளம் போட்டார்கள். டீச்சர் திட்டவில்லை, தாடையில் கைவைத்துக் காத்திருந்தார், அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, திட்டியிருந்தால் அழுதிருக்கலாம், அழுகைக்கு எழுத்து தேவையில்லையே. பிறகு கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன், தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு அறை இருக்கிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் காலையானால் வயிற்றுவலி, தலைவலி, மறுபடி வயிற்றுவலி... ஒருநாள் யாரும் என்னை எழுப்பவில்லை. வெயில் முகத்தில் விழுந்து நானாகவே எழுந்தேன், சீருடை மடித்தபடி நாற்காலியில் இருந்தது, அம்மா தையல் மெஷினில் குனிந்திருந்தாள், நிமிரவில்லை. அப்படித்தான் அது முடிந்தது. யாரும் எதுவும் சொல்லாமல், ஒரு பல்ப் அணைவது போலக்கூட இல்லாமல், ஆவி அடங்குவது போல.

ஆவி... அடங்கிவிட்டது. பொடியை டீ வடிகட்டியில் போட்டுத் தட்டுகிறேன், அப்படியே போட்டால் கட்டி தட்டிப்போகும், தட்டத் தட்டப் பச்சைத் தூசி மெதுவாக இறங்குகிறது, ஜாம் பாட்டிலுக்குள் பாசி படிந்த மாதிரி, தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகிக் குலுக்கினால் மேலே நுரை வரும். குளிர்சாதனப் பெட்டியில் பால் தயாராக இருக்கிறது, துளி கஸ்டர்ட் பவுடரும் வெனிலாவும் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, தண்ணீரை விடக் கொஞ்சம் கனமாக. இனி கேரமல். சர்க்கரையை வாணலியில் போட்டால் ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காது, நம்மை ஏமாற்றுவது போலச் சும்மா இருக்கும், பிறகு ஓரத்தில் ஒரு துளி கண்ணாடியாகும், அந்தக் கண்ணாடி பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும், தேன் நிறம் வந்தாலும் இறக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம், வாசனையில் ஒரு மிரட்டல் வரும் வரை, அதைத் தாண்டினால் கரிதான். ஒரு கரண்டி வெந்நீர் விட்டதும் சீறிவிட்டு அடங்குகிறது. அக்காவின் ஒரு பிறந்தநாளுக்கு அம்மா புட்டிங் செய்தாள், கிண்ணத்துக்கு மேல் தட்டை வைத்து, மூச்சைப் பிடித்து, சட்டென்று கவிழ்த்தாள், ஒன்றும் விழவில்லை. தட்டு கீழே, கிண்ணம் மேலே, உள்ளே அது ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அக்கா கிண்ணத்தின் தலையில் கரண்டியால் தட்டப் போனாள், அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தட்டாதடி, ஒடைஞ்சு போயிடும், விடு, அதுவா வரும்" என்றாள். மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எப்போது விழுந்தது? அந்தச் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, ப்ளக் என்று ஓர் ஈரமான சத்தம், பிறகு எல்லாரும் கத்தினோம், அதுவரை அடியில் இருந்த கேரமல் மேலே பளபளவென்று வழிந்தது.

போன் அதிர்ந்தது, அக்கா, கிளம்பிட்டோம் என்று ஒரு வரி. கடை பக்கம்தான், தெருமுனை திரும்பினால் வீடு. நான் கேரமலைக் கரண்டியில் எடுத்து டம்ளரின் உள்சுவரில் கோடு கோடாக வழியவிட்டேன், ஐஸ், பிறகு பால், பிறகு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் பச்சையை ஊற்றினேன், அது ஐஸின் மேல் படர்ந்து அப்படியே நின்றது, கீழே பழுப்பு, நடுவில் வெள்ளை, மேலே பச்சை, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று போகாமல். மணி அடித்தது. என் கால்கள்... ஐயோ என் கால்கள். நிற்கணும் என்று சொன்னாளே, நிற்கணும் அவ்வளவுதான், ஆனால் நினைப்பதற்கு முன்பே குளியலறையில் இருந்தேன், முக்காலியில், குழாய் திறந்திருந்தது, தாழ்ப்பாளில் என் கை. தண்ணீர்ச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு ஏதோ தரையில் தொம் என்று விழுந்தது, குடிதண்ணீர் கேன் போடுகிறவர். கதவிடுக்கில் காது வைத்தேன், அவர் எதுவும் கேட்கவே இல்லை, அம்மாவே சொல்கிறாள், "சின்னவ குளிக்கிறா." பழக்கம். அவர் "சரிங்க" என்றார், வேறு என்ன சொல்வார்? எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வரும்போது குழாயை மூடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் மறக்கவில்லை, கயிறு போல மெல்லிசாக ஒழுகும்படி திருகிவைத்தேன், வாளி நிறைய நேரமாகும், பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி. முடியாவிட்டால் வந்துவிடலாம். இடம் இருக்கும்.

சமையலறைக்குத் திரும்பி வந்தால் பச்சை இறங்கத் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு விரல், ஐஸுக்கு நடுவில் கீழே நீண்டு, பாலைத் தொட்டுப் பார்த்து, பிறகு இன்னொரு விரல், புகை கீழ்நோக்கிப் போனால் எப்படி இருக்குமோ அப்படி, வெள்ளைக்குள் மெதுவாகச் சுருண்டு, அவிழ்ந்து... அழகாக இருந்தது, அதைத் தடுக்கத் தோன்றாமல் கன்னத்தை மேடையில் வைத்துக்கொண்டு பார்த்தேன், டம்ளருக்குள் ஒரு வானிலை நடக்கிறது, மழை வரப்போகிறது, யாருக்கும் அவசரம் இல்லை. அக்காவும் முதலாளியம்மாவும் ஏன் இன்னும் வரவில்லை? அக்காவுக்கு வழியில் தெரிந்தவர்கள் யாராவது கிடைத்திருப்பார்கள், தெருவில் போகிற நாயிடம்கூட நின்று நலம் விசாரிப்பவள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது, குளத்துத் தண்ணீர் மாதிரி மங்கலான ஒரே பச்சை, மேகமும் இல்லை, கோடும் இல்லை. எல்லாவற்றையும் செய்து மேசையில் வைத்துவிடலாம், அது எனக்காக நிற்கட்டும், நான் ஓர் ஓரமாக இருந்துகொள்ளலாம் என்று எங்கேயோ ஒரு திட்டம் எனக்கு இருந்திருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது. இது காத்திருக்காது. யார் முன்னால் வைக்க வேண்டுமோ அவர் இருக்கும்போதுதான் இதை ஊற்ற வேண்டும்.

படியில் அக்காவின் சிரிப்பு. வாணலியில் மிச்சமிருந்த கேரமல் இறுகிப்போயிருந்தது, அடுப்பை ஏற்றினேன், அது இளகுவதற்குள் மணி அடித்தது, கால்கள் திரும்பின, இந்தப் பக்கம் கேரமல் குமிழிவிடுகிறது, விட்டுவிட்டுப் போனால் ஒரு நொடியில் கரி, வீடு முழுக்கப் புகை, அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கலாம், கேட்கலாம்தான், ஆனால் அணைத்தால் மறுபடி இறுகிவிடும், பிறகு எதை வைத்துப் போடுவது? கதவு திறந்தது. "வாங்க மேடம் வாங்க, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று அம்மாவின் குரல், நாற்காலியிலிருந்து துணிகளை அள்ளும் சத்தம், உடனே அதே மூச்சில், "சின்னவ குளிக்கிறா." நான் இங்கே நிற்கிறேன். கையில் கரண்டி, நெற்றியில் வியர்வை, அவளுக்கு ஆறடி தள்ளி, நடுவில் ஒரு திரைச்சீலை. தண்ணீர்ச் சத்தமும் கேட்கிறதே, அம்மாவைச் சொல்லி என்ன? அக்கா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள், அடுப்பை அணைக்க வந்திருப்பாள் என்று நினைக்கிறேன், முகம் அவ்வளவு தொங்கிப்போயிருந்தது, என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு கத்தினாள். "அம்மா! அவ இங்க நிக்கிறாம்மா!" முதலாளியம்மாவின் குரல், நான் நினைத்ததை விடக் கரகரப்பான குரல், நிதானமாகக் கேட்டது, "அப்ப உள்ள குளிக்கிறது யாரு?"

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, இருமல் வரும் வரை, அம்மா அப்படிச் சிரித்து நான் எப்போது பார்த்தேன்? அந்தச் சிரிப்புக்குள் முதலாளியம்மா சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார், குள்ளமாக, நரைத்த முடியைப் பென்சிலால் கொண்டை போட்டு, சட்டையில் காபிக் கறையோடு, அவர் எப்படி இருப்பார் என்று இத்தனை நாள் நான் வரைந்து வைத்திருந்த யாரும் அவர் இல்லை. "நீ பண்ணும்மா, நான் சும்மா நிக்கறேன்" என்று வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். கேரமல் கோடு கோணலாக வழிந்தது, ஐஸ் ஒன்று கீழே விழுந்து அவர் காலடி வரை வழுக்கிக்கொண்டு போனது, அவர் அதைக் கால் விரலால் ஓரமாகத் தள்ளினார். பால் ஊற்றினேன். "ஐஸ் எதுக்கு மொதல்லயே போடற?" அக்கா உடனே வாயைத் திறந்தாள், "அது வந்து மேடம்..." அவர் அக்காவைப் பார்க்காமலேயே, "உன்னக் கேக்கல" என்றார். காத்திருந்தார். எனக்கு அந்தக் காத்திருப்பு தெரியும், மின்விசிறி, பெஞ்சில் தாளம், ஆனால் இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார், பச்சை எப்போது விழும் என்று, அப்படியென்றால் நான் பேசலாம், கரண்டி பேசுவது போல. "அது... மேல நிக்கறதுக்கு" என்றேன். உடைந்த குரல், இரும்புக் கதவு திறப்பது போல. "இல்லன்னா பச்சை நேரா கீழ போயிடும்." அவர் "ம்ம்" என்றார். அக்கா மூச்சு விடாமல் நிற்பது எனக்குக் கேட்டது. ஊற்றினேன், அது நின்றது, மேகம்.

கலக்காமல் ஒரு வாய் குடித்தார். பிறகு கரண்டியை விட்டு அடியிலிருந்து கொஞ்சம் கேரமலைத் தோண்டி நாக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "நல்லா கருக்கியிருக்க. எல்லாரும் பயந்துக்கிட்டு முன்னாடியே எறக்கிடுவாங்க." பாராட்டு என்றால் அவ்வளவுதான். "ஆனா கடையில ஒரே நேரத்துல எத்தன பேரு நிப்பாங்க தெரியுமா? அப்பவும் இப்பிடித்தான் தேரு இழுக்கற மாதிரி ஊத்திக்கிட்டு இருப்பியா?" "பூனை பழகிக்கும் மேடம்" என்றாள் அக்கா. "பூனையா?" என்று என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார், கண்ணோரத்தில் ஏதோ சிரிப்பு, "யோசிச்சுச் சொல்லும்மா. நீயே கடைக்கு வந்து சொல்லு. இவள அனுப்பாத, இவ சொன்னா எனக்குப் பாதிதான் புரியும், மீதி பாதி இவ சிரிப்பு." டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார், அக்கா என் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினாள், அன்பான அடிதான், வலித்தது. அப்போதுதான் அந்தச் சத்தம், சொத் சொத் என்று, வாளி நிறைந்து தரையில் வழிகிற சத்தம். அம்மா கூடத்திலிருந்து, "குளிக்கிறவளப் போயி வெளிய வரச் சொல்லுடி" என்றாள், மறுபடி சிரிப்பு.

போனேன். குளியலறைத் தரையெல்லாம் தண்ணீர், முக்காலி அதில் நகர்ந்து கதவுப் பக்கம் வந்திருந்தது, என்னைத் தேடி வந்தது போல. எட்டிக் குழாயை மூடினேன். சத்தம் நின்றதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது, கூடத்தில் பேசுவது ஒவ்வொரு வார்த்தையாகத் தண்ணீர் மேல் நடந்து வந்தது. "ஏப்ரன் பாக்கெட்ட இன்னும் கொஞ்சம் ஆழமா வெச்சிருக்கலாம், குனிஞ்சா பேனா விழுந்துடும்." "அடுத்த வாட்டி வெச்சுத் தரேன் மேடம், துணி இருக்கு." "எனக்குக் கயிறு நீளமா வேணும்மா, பின்னால முடிச்சு போட எட்டல" என்றாள் அக்கா. "கொஞ்சம் எளைச்சேன்னா எட்டும்" என்றாள் அம்மா. நான் காத்திருந்தேன். இப்போது கேட்பார்கள், இப்போது, ஏன் பள்ளிக்கூடம் போகல, எப்பவும் இப்பிடித்தானா... பாக்கெட், கயிறு, எந்தக் கடையில் நூல் சாயம் போகாது, மறுபடி பாக்கெட். நான் வரவே இல்லை அந்தப் பேச்சில். இத்தனை நாள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இவர்கள் பேசியதெல்லாம் இதுதானா? பாக்கெட்டும் கயிறும்தானா? அல்லது இன்றைக்கு மட்டுமா... எனக்குத் தெரியாது, இதற்கு முன்னால் ஒரு தடவைகூட நான் குழாயை மூடிப் பார்த்ததில்லையே. பேச்சுக்கு நடுவில் ஒரு சின்னச் சத்தம், கண்ணாடியில் கரண்டி உரசுகிற சத்தம், யாரோ டம்ளரின் அடியில் ஒட்டியிருக்கும் கேரமலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள், விடாமல், திரும்பத் திரும்ப. கதவு திறந்தே இருக்கிறது, கால் நனைந்து நிற்கிறேன், என் கை இன்னும் குழாயின் மேல்தான் இருக்கிறது, திருகவும் இல்லை, எடுக்கவும் இல்லை...